காட்சிக்குத் தனி விலை

இருபத்தேழாம் மாடி.
கிழக்குப் பக்கக் காட்சிக்கு மட்டும்
நாற்பத்தையாயிரம் ரிங்கிட் கூடுதல்.
பட்டியலில் அதற்கென்று வரி கிடையாது.
கேட்டால்தான் சொல்வோம்.

சவரிநாதன் கேட்டார்.

வங்கியில் இருபத்தாறு வருடம் டெலிபோன் ஆப்பரேட்டர்.
ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் என்று
ஓர் இயந்திரப் பெண் வந்து சேர்ந்தபின்
கையில் ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிட்டார்களாம்.
அதை நம்பித்தான் வந்திருந்தார்,
வெள்ளைக் கோலை நான்காக மடித்துக்
கக்கத்தில் செருகிக்கொண்டு.

கீழே வரவேற்புக் கூடத்தில்
ஒரு சுவர் முழுக்கச் செங்கல்.
சூளைகள் இருந்த ஊரல்லவா பிரிக்பீல்ட்ஸ்,
'வரலாற்றோடு வாழுங்கள்' என்று
மேலே பொன்னெழுத்து வேறு.
தடவிப் பார்த்தார்.
"என்ன மிஸ் இது, வழவழன்னு?"
செங்கல், என்றேன்.
இன்னொரு முறை தடவினார்.
"செங்கல்லோட போட்டோவா?"
ஒட்டுத்தாள்தான். ரோல் கணக்கில் வாங்கியது.
"இங்க ரயில்வே குவார்ட்டர்ஸ இடிச்சப்ப
நிசக் கல்லு லாரி லாரியாப் போச்சு.
சொல்லியிருந்தா ரெண்டு எடுத்து வெச்சிருப்பேன்."

லிப்டில் பொத்தான்களை விரலால் படித்தார்.
மூன்று. மூன்று ஏ. ஐந்து.
"நாலக் கண்டா எல்லாருக்கும் பயம்.
பயப்படாதவனுக்குத் தள்ளுபடி உண்டா?"

மேலே போனதும் பழக்கதோஷம்,
"இங்கேருந்து பாத்தீங்கன்னா ஐயா..."
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
"சொல்லுங்க மிஸ்.
நாப்பத்தையாயிரத்துக்கும் சொல்லுங்க."

சொன்னேன்.
மாதா கோயில் கூரை. புத்த விகாரையின் வெள்ளை.
பால் கூடிப்போன தேநீர் நிறத்தில் கிள்ளான் ஆறு.
வளைவில் தயங்கித் திரும்பும் மோனோரயில்.
கடைவீட்டு மொட்டை மாடியில் ஒருவர்
மெத்தையைப் புரட்டிப் புரட்டிக் காயவைக்கிறார்.
எட்டு மாதமாக இதே சன்னலில் நிற்கிறேன்,
அந்த மெத்தைக்காரரை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"முப்பதாயிரம் வரைக்கும் வந்துட்டீங்க,"
என்றார். "மிச்சம்?"

சன்னலைத் தள்ளித் திறந்தார்.

டங்.

கொஞ்சம் பொறுத்து,
டங்.

"பைலிங்."
ஆமாம் ஐயா.
"கிழக்கதான்."
நான் பேசவில்லை.
கம்மல் திருகை முறுக்கிக்கொண்டு நின்றேன்.
"எத்தன மாடி?"

கையேட்டில் அது இல்லை.
கேட்காதவரை வாய் திறக்காதே என்பது
மேலாளர் எனக்குச் சொன்ன முதல் பாடம்.
இவர்தான் கேட்டுவிட்டாரே.

நாற்பத்திரண்டு, என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.
விரல்களை மடக்கி மெதுவாகக் கணக்குப் போட்டார்.
"அப்ப மூணு வருசக் காட்சி.
முப்பத்தஞ்சு வருசக் கடன்."

கடைசியில் அவர் எடுத்தது மூன்று ஏ.
பின்பக்கம், குப்பை அறைக்கு நேர் மேலே.
கட்டடத்திலேயே மலிவு.
கையெழுத்துப் போடும் இடத்தில்
என் விரல் அவர் விரலைக் கொண்டுபோய் வைத்தபோது
பேனாவைத் தூக்கிக்கொண்டார்.
"காட்சிக்குக் கூட்டினீங்கல்ல,
நாத்தத்துக்கு எவ்வளவு கழிப்பீங்க?
மூக்கு எனக்கு நல்லாத்தான் இருக்கு."

மேலாளரிடம் போனில் கெஞ்சி
இரண்டாயிரம் கழித்தேன்.
என் கமிஷனிலும் அது கொஞ்சம் கழிந்தது.

சனிக்கிழமை
கிள்ளானிலிருந்து ஓர் இளம் தம்பதி.
அரை மணி முன்னாலேயே மேலே போய்ச்
சன்னல்களைச் சாத்திக் கொக்கி போட்டேன்.
ஏர்கோனைப் பதினெட்டில் வைத்தேன்.
மெத்தைக்காரர் அன்று இல்லை.

"எவ்ளோ அழகு!" என்றாள் அந்தப் பெண்.
கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்
கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.
பிறகு சட்டென்று விலகி,
"லேசா அதிருதே?"

ரயில், என்றேன்.
இந்தப் பக்கம் நூறு வருசமா
ரயில்தானே.